துன்பத்திலும் நன்றி

இன்ப காலத்தில் இறைவனுக்கு நன்றி செலுத்துவது எவருக்கும் எளிது. பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்தால், நோயாளி குணமடைந்து வீடு திரும்பினால், நெடுநாள் வழக்கு சாதகமாகத் தீர்ந்தால், உள்ளம் தானே ஆலயத்தை நாடுகிறது. ஆனால் வருவாய் நின்றுபோன வீட்டில், நோய் முற்றிய படுக்கையருகில், இறந்தவரின் உடல்கூடக் கிடைக்காத குடும்பத்தில், நன்றி என்னும் சொல்லுக்கு என்ன இடம் இருக்கிறது? கிறிஸ்தவ சமயமோ எந்நிலையிலும் நன்றி செலுத்துமாறு தன் மக்களைப் பணிக்கிறது. இது மனிதரால் ஆகக்கூடிய காரியந்தானா? ஆகுமெனினும், அது நேர்மையுடையதா? இவ்வினாவை இன்று சற்று ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் எதையும் சொல்லிலிருந்தே தொடங்குவான். நன்றி என்றவுடன் நாம் வாயால் கூறும் உபசார மொழியே இன்று நினைவுக்கு வருகிறது. பழந்தமிழிலோ அச்சொல்லுக்கு நன்மை என்பதே பொருள். திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். தமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிந்திருத்தல் என்பது அதன் கருத்து. எபிரேய மொழியிலும் நன்றி செலுத்துதலைக் குறிக்கும் வினைச்சொல்லுக்கு ஒப்புக்கொள்ளுதல், அறிக்கையிடுதல் என்னும் பொருள்களும் உண்டு. ஆகவே நன்றிக்கு அடிப்படை மகிழ்ச்சியன்று, அறிவே ஆகும். மின்விளக்கு அணைந்த வீட்டில் அகல்விளக்கு இருக்கும் மாடத்தைக் கை தடவிக் கண்டுகொள்வதுபோல, துயரத்தால் கண் இருண்டபோதும் நன்மை இருக்குமிடத்தை உள்ளம் அறியக்கூடும்.

எந்நிலையிலும் நன்றி செலுத்துமாறு தூய பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அந்நிருபம் கி.பி. 50-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. அதைப் பெற்றவர்கள் ஊராரின் பகையால் அல்லலுற்றவர்கள். எழுதியவரோ அதற்குச் சிறிது காலத்திற்கு முன்பு பிலிப்பி நகரில் அடியுண்டு சிறையில் கிடந்தவர். கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில் அவரும் சீலாவும் நள்ளிரவில் இறைவனைப் பாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. இந்நிருபத்தில் அவர் கையாண்ட கிரேக்கத் தொடரைத் தமிழ் இலக்கணப்படி கூறினால், அது நான்காம் வேற்றுமையன்று, ஏழாம் வேற்றுமை. நேர்ந்த ஒவ்வொரு கேட்டிற்கும் நன்றி கூறு என்று அவர் இங்கே பணிக்கவில்லை. எது நேரினும் அதனுள் நின்று நன்றி கூறு என்கிறார். எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் எல்லாவற்றுக்காகவும் என்று பொருள்படும் தொடரும் உண்டு. எனினும் தீமையை நன்மை என்று பெயரிட்டு அழைக்க வேண்டும் என்று திருமறை எவ்விடத்தும் கேட்கவில்லை.

இதற்குச் சிறந்த சான்று இயேசு பெருமான் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவே. அவ்விரவில் அவர் சீடரோடு பந்தியமர்ந்து, அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். அதனாலேயே அத்திருவிருந்துக்குக் கிரேக்க மொழியில் நன்றி செலுத்துதல் என்று பொருள்படும் யூக்கரிஸ்தியா என்னும் பெயர் வழங்கலாயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் அதை நற்கருணை என்பர். மலையாளத்தில் திவ்யகாருண்யம் என்பர். ஆனால் பந்தி முடிந்து சென்றவுடன், கெத்செமனே தோட்டத்தில் அதே இயேசு முகங்குப்புற விழுந்து, இத்துன்பப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கலாகாதா என்று மன்றாடினார். நன்றியும் கண்ணீரும் ஒரே இரவில், ஒரே உள்ளத்தில் இருந்தன. ஒன்றிருந்தால் மற்றொன்று பொய் என்று எவரும் கூற முடியாது.

பழைய ஏற்பாட்டின் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு புலம்பல்கள். அவற்றுட் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி நன்றியில் முடிகின்றன. 88-ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் மொழி ஒன்றும் இறுதியில் வருவதில்லை. அதையும் நீக்காமல் வழிபாட்டு நூலில் வைத்துக் காத்தார்கள் அல்லவா? இன்று நன்றி கூற இயலாதவனுக்கும் ஆலயத்தில் இடமுண்டு என்பதே அதன் பொருள்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே அலுவல் பார்த்தவர் நீலகண்ட பிள்ளை. குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் அவர் மனம் சோர்ந்திருந்தபோது, 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையிற் சேர்ந்த டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்ச் சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

டி லனாய் தேர்ந்தெடுத்துச் சொன்ன வரலாற்றின் இயல்பைப் பாருங்கள். செல்வமும் மக்களும் மாண்டபோது யோபு இறைவனின் பெயரைப் போற்றினான். இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். பின்னர் நெடுக இறைவனோடு வழக்காடுகிறான். அவனுடைய நண்பர்களோ துன்பத்துக்கு அழகான காரணங்களை அடுக்கி, அவன் வாயை அடைக்க முயல்கின்றனர். முடிவில் இறைவன் கடிந்துகொள்வது அந்நண்பர்களை. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே என்கிறார். துக்க வீட்டுக்குச் செல்லும் நாம் மறக்கலாகாத பாடம் இது. நன்றியைத் தன் உள்ளத்திலிருந்து செலுத்தலாம். பிறர் தலையில் சுமத்தலாகாது.

இனித் திருவனந்தபுரத்துக் கடற்கரைக்கு வருவோம். பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களில் கிறிஸ்தவ சமயம் மிகப் பழையது. 1544-இல் தூய பிரான்சிஸ் சவேரியார் இத்திருவிதாங்கூர்க் கரையில் ஆயிரக்கணக்கான மீனவருக்குத் திருமுழுக்கு அளித்தார். விழிஞ்ஞத்துத் தேவாலயத்திற்குச் சிந்துயாத்திரை மாதா என்று பெயர். கடற்பயணத்தைக் காக்கும் அன்னை என்பது கருத்து. அப்பெயரிலேயே கடலோடியின் அச்சமும் நம்பிக்கையும் அடங்கியிருக்கின்றன.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலுமாக மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்று கடற்கரை மக்கள் முறையிட்டனர். சாலையில் இறங்கி நியாயமும் கேட்டனர். நான்கு வாரங்களுக்குள் கிறிஸ்துமஸ் வந்தது. அத்துயரின் நடுவே வழிபாடும் நடந்தது, முறையீடும் நடந்தது. நன்றி செலுத்துபவன் நியாயம் கேட்கலாகாது என்று சொல்வது யோபுவின் நண்பர்களுடைய சமயமே ஒழிய யோபுவின் சமயமன்று.

ஒன்பது மாதம் செல்வதற்குள், 2018 ஆகஸ்டில், கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அப்போது இக்கடற்கரையிலிருந்தும் பிற கரைகளிலிருந்தும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, செங்ஙன்னூர், ஆரன்முளை முதலிய உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். அரசு வெளியிட்ட கணக்கின்படி, 669 படகுகளில் 4,537 மீனவர்கள் சென்று, ஏறக்குறைய 65,000 பேரைக் கரைசேர்த்தனர். அவர்களுள் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஒக்கியில் உறவினரை இழந்த ஊர்களிலிருந்தும் பலர் சென்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் என்ன நினைத்துப் புறப்பட்டார்கள் என்பதை இறைவன் அறிவான். ஆயினும் நமக்குப் புலனாவது ஒன்றுண்டு. தங்களிடம் எஞ்சியிருந்த நன்மை எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்: ஒரு படகு, அதைச் செலுத்தும் கை, நீருக்கு அஞ்சாத நெஞ்சு. அறிந்த நன்மையைப் பிறருக்கு ஈந்தனர். செய்ந்நன்றியறிதல் என்னும் சொற்றொடருக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா?

நேயர்களே, தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நமக்கும் சோதனைக் காலங்கள் வருவதுண்டு. நள்ளிரவில் தாய்க்கு உடல்நலம் குன்றியதென்று செய்தி வரும். இரயிலில் இடம் கிடைக்காது. பிள்ளையின் படிப்பு நடுவில் மாறுதல் உத்தரவு வரும். அருகில் அண்ணனும் இல்லை, அத்தையும் இல்லை. அத்தகைய நாளில் துன்பத்தை மறைக்க வேண்டுவதில்லை. இறைவனிடம் அழுது முறையிடலாம். அதன்பின் ஒரு சிறு பயிற்சியை மேற்கொள்ளலாம். இரவு உணவுக்கு அமரும்போது, அன்று பெற்ற நன்மை ஒன்றை ஒவ்வொருவரும் பெயர் குறித்துச் சொல்வது. பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு உடன் வந்த அண்டை வீட்டாராக இருக்கலாம். படிவத்தை நிரப்பித் தந்த முன்பின் அறியாதவராக இருக்கலாம். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில், 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. நன்மை கண்ட நாளிலோ, அதை மற்றொருவருக்குச் செய்ய வழி தேடலாம்.

நம் நன்றி என்னும் சொல் மலையாளத்தில் நன்னி என்றும் நந்தி என்றும் வழங்குகிறது. முதன்முதல் கேட்கும் தமிழருக்குச் சிவன் கோயில் வாயிலே நினைவுக்கு வரும். ஒலி சற்று மாறினும் பொருள் மாறவில்லை. எந்த ஊரில், எந்த மொழியில், எத்தகைய நாளில் கூறினும், நன்மையை அறிந்து கூறும் நன்றியை இறைவன் ஏற்றுக்கொள்வான் என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை.