ஆங்கிலத்திற்கும் வினைமரபு உண்டு



ராசாவிலிருந்து மேற்கே கோலசிலாங்கூர் வரை பரந்து கிடக்கும் தோட்டங்கள் ஒரு காலத்தில் கித்தாக் காடாக இருந்தன. இன்று பெரும்பாலும் செம்பனை. அந்த வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் போதிக்கும் நாம், இன்று இலக்கண வகுப்பு நடத்த வரவில்லை. ஒரு மாணவி சொன்ன இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசவே வந்திருக்கிறோம்.

நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பெண் அவள். கெட்டிக்காரி. இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஆங்கில ஆசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, குடும்பத்தாரின் தொழிலைப் பற்றிச் சொல்லச் சொன்னாராம். இவளும் எழுந்து, "மை ஃபாதர் கட்ஸ் ஃப்ரூட். மை கிராண்ட்மதர் கட் ட்ரீஸ்" என்றாள். அப்பா பழம் வெட்டுகிறார், பாட்டி மரம் வெட்டினார் என்பது அவள் கருத்து. வகுப்பில் சிரிப்பு. உன் அப்பா சாலையோரத்தில் வெட்டிய பழம் விற்கிறாரா என்று ஒரு பையன் கேட்டான். பாட்டி காட்டில் மரம் சாய்க்கும் வேலை செய்தாரா என்று ஆசிரியையும் வியப்போடு கேட்டிருக்கிறார். அன்று உட்கார்ந்தவள் அந்த ஆண்டு முழுவதும் ஆங்கில வேளையில் வாய் திறக்கவில்லை.

அவள் தாயார்தான் கோயிலில் நம்மைக் கண்டு சொன்னார். "சார், நீங்க எழுதிக் கொடுத்த மாதிரிதான் சொன்னேன்னு அழுவுது சார்." பழைய நோட்டை வாங்கிப் பார்த்தோம். கட் என்றால் வெட்டு என்று நம் கையெழுத்திலேயே இருந்தது. பிழை அவளுடையதன்று, நம்முடையது.

நேயர்களே, தோட்டத்து வழக்கில் மரம் வெட்டுவது என்றால் பால் எடுப்பது. மரத்தைச் சாய்ப்பது அன்று. பழம் வெட்டுவது என்றால் செம்பனைக் குலையை அறுத்துத் தள்ளுவது. இது நம் காதுக்குப் பழகிய தமிழ். ஆனால் வெட்டு என்பதற்குக் கட் என்று ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாகப் பெயர்த்தால், அந்த வழக்கு தோட்டத்து வாசலைத் தாண்டிப் போவதில்லை. மரத்தில் பால் எடுப்பதற்கு ஆங்கிலேயர் டேப் என்ற வினையைச் சொல்கிறார்கள். குலை அறுப்பதற்கு ஹார்வெஸ்ட் என்கிறார்கள். பெயர்ச்சொல் மாறினால் வினைச்சொல்லும் மாறுகிறது.

இது புதுமையா என்றால், இல்லை. தமிழ்ப் பாட நூலில் வினைமரபு என்று ஒரு பகுதி உண்டு. சோறு உண்டான், முறுக்குத் தின்றான், நீர் பருகினான், கூடை முடைந்தான், பாய் பின்னினான், அம்பு எய்தான், தயிர் கடைந்தாள், கோலம் இட்டாள் என்று நாமெல்லோரும் மனனம் செய்தவர்கள்தாம். கூடையைப் பின்னினான் என்று எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். தொல்காப்பியர் இதைச் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே எடுத்துப் பேசுகிறார். பறையைக் கொட்டுவோம், குழலை ஊதுவோம். இரண்டையும் இயம் என்று பொதுப்பெயரால் சொல்லும்போது, ஒன்றற்கே உரிய வினையைச் சேர்க்காமல் இரண்டிற்கும் பொதுவான வினையைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஒரே பொதுவினைதான். பறையானாலும் குழலானாலும் ப்ளே. பந்துக்கும் அதுவே. ஆகவே தமிழ்தான் கடினம், ஆங்கிலம் எளிது என்றோ, ஆங்கிலம் கடினம் என்றோ சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு மொழியும் தனக்குப் பிடித்த இடத்தில் நுணுக்கம் பார்க்கிறது.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு வினைமரபு ஏற்கெனவே தெரியும். அதை ஆங்கில வகுப்புக்கு நாம் கொண்டுபோகவில்லை, அவ்வளவே.

ஒரு தடை மட்டும் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். 'காலையில் அம்மா மருந்து' என்று சொல்லி முடித்த பிறகுதான் வினையைத் தேட வேண்டும். முன்னே நிற்கும் மருந்து என்ற சொல்லே சாப்பிட்டார் என்பதை இழுத்து வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. செய்பவரைக் குறிக்கும் பெயர்த்தொடர் முடிந்த உடனே வினை வந்து நிற்க வேண்டும். மருந்து அதற்குப் பின்னால்தான் வரும். அதாவது இன்னும் வாயிலிருந்து வராத பெயருக்கு ஏற்ற வினையை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிள்ளை தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே வினையையும் பெயரையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் கற்றுக்கொள்வதே வழி. டேக் என்று தனியே படிக்க வேண்டாம். டேக் மெடிசின் என்று படிக்கட்டும்.

இந்த மருந்து விஷயத்தில் வேடிக்கையான சங்கதி ஒன்று இருக்கிறது. தமிழில் மருந்து சாப்பிடுகிறோம். மலாயிலும் மாக்கான் ஊபாட் என்று சாப்பிடத்தான் செய்கிறார்கள். வீட்டு மொழியும் நாட்டு மொழியும் ஒன்று சேர்ந்து சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? ஈட் மெடிசின் என்று எழுதுகிறது. வீட்டுப்பாடம் செய், தவறு செய் என்பதற்கும் மலாயில் புவாட் என்ற ஒரே வினை போதும். ஆங்கிலத்திலோ டூ ஹோம்வொர்க், மேக் எ மிஸ்டேக் என்று இரண்டு. இதற்கு முழுமையான விதி எதுவும் இல்லை, பழகத்தான் வேண்டும். மாறாக, படம் எடு, ஆம்பில் காம்பார், டேக் எ ஃபோட்டோ என மூன்று மொழியும் ஒத்துப்போகும் இடத்தில் எந்தப் பிள்ளையும் தவறுவதே இல்லை. இதிலிருந்தே பிள்ளையின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிகிறதல்லவா?

மலாய் வழியாக வரும் வேறு சில உண்டு. விளக்கைப் போட ஓப்பன் தி லைட் என்கிறோம். பேச்சு மலாயில் விளக்கைத் திறப்பதும் மூடுவதும் வழக்கம். ஆங்கிலத்தில் ஸ்விட்ச் ஆன். கோயிலில் ஏற்றும் எண்ணெய் விளக்குக்கு மட்டும் லைட் எ லேம்ப். அப்பாவோடு பட்டணத்துக்குப் போனேன் என்பதை ஃபாலோ என்று சொன்னால், ஆங்கிலேயர் காதில் அப்பாவுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து போனதுபோல் ஒலிக்கும். நம்மூருக்குள் இவையெல்லாம் எல்லாருக்கும் புரியும். கடைத்தெருவில் இப்படிப் பேசுவதை நாம் குற்றமாகவும் சொல்ல மாட்டோம். தேர்விலும் வேலைக்கான நேர்காணலிலும்தான் பிள்ளைக்கு இது வினையாக முடிகிறது.

மலாய் நமக்குச் செய்யும் உதவியையும் சொல்ல வேண்டும். செய்பவர், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒன்றே. சாயா மினும் தே என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஐ டிரிங்க் டீ வருவது சிரமமன்று. ஆனால் மலாயில் வினை ஆளுக்கேற்ப மாறாது. அங்கே தமிழ் கைகொடுக்கிறது. வந்தான், வந்தாள், வந்தது என்று நான்கு வயதிலேயே பிழையின்றிச் சொல்கிற குழந்தைக்கு ஷீ கோஸ் என்பதில் அந்தக் கடைசி ஒலி ஏன் வேண்டும் என்று விளங்கவைக்க முடியாதா? 'தி ஃபாதர் ஆஃப் தி டூ பாய்ஸ்' என்று நீளமாகத் தொடங்கினால் பக்கத்தில் நிற்கும் பாய்ஸைப் பார்த்து வொர்க் என்று விடுகிறார்கள். இரண்டு பையன்களின் தந்தை வேலை செய்கிறார்களா, செய்கிறாரா என்று தமிழில் கேளுங்கள். தந்தை ஒருவர்தானே என்று பிள்ளையே வொர்க்ஸ் என்று திருத்திவிடும்.

அறிஞர்களும் இப்படிச் சொற்சேர்க்கையாகக் கற்பதையே வற்புறுத்தி வந்துள்ளனர். சப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1942இல் வெளிவந்த தம் அகராதியில் வினைகளின் அமைப்புகளை வகைப்படுத்திக் கொடுத்தார். பின்னர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்க்ளேர் தலைமையில், மக்கள் உண்மையாக எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டி ஆராய்ந்து, 1987இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டார்கள். டேக், மேக், ஹேவ், கிவ் போன்ற வினைகள் மிகுதியாக வருவது தம் சொந்தப் பொருளில் அன்று. பக்கத்துப் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் என்பது அந்த ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. டேக் எ லுக் என்பதில் கையால் எடுப்பது எதுவுமில்லை. தமிழில் முடிவு எடு, ஓய்வு எடு என்கிறோமே, அதுபோலத்தான்.

இப்போது நம் வகுப்பில் தோட்ட நோட்டு என்று ஒன்று வைத்திருக்கிறோம். அப்பா அம்மா செய்யும் வேலையைப் பிள்ளைகள் தமிழில் கேட்டு வருகிறார்கள். நாம் ஆங்கிலச் சோடியைத் தேடித் தருகிறோம். மருந்து அடிப்பது என்று ஒருவன் கொண்டுவந்தான். பீட் மெடிசின் ஆகாது, ஸ்ப்ரே வீட்கில்லர். உரம் போடுவது அப்ளை ஃபெர்ட்டிலைசர். மட்டை வெட்டுவது ப்ரூன். உதிரிப் பழம் பொறுக்குவது பிக் அப் லூஸ் ஃப்ரூட். பெரட்டுக்குப் போவதற்கு ஆங்கிலம் தேடி நாமே அகராதியைப் புரட்ட வேண்டியதாயிற்று. பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். வேலையைச் சரியான தமிழில் சொல்லிக் கொடுங்கள். மறுபாதியை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தப் பெண்ணின் தம்பி இப்போது நம்மிடம் படிக்கிறான். பாட்டியின் வேலைக்கு டேப் என்று எழுதிக் கொடுத்தபோது, "சார், டேப்புன்னா தண்ணிக் குழாய் இல்லையா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்கு அந்தப் பெயர் இருந்தது. அதைத் திறந்து உள்ளே இருப்பதை வடிப்பதும் அந்தப் பெயரையே பெற்றது. குழாய்க்கும் பெயர் அதுவே. 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி என்பவர், மரம் சாகாமல் பட்டையை மெல்லிதாகச் சீவி நாளும் பால் வடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மரம் ஒரு பீப்பாய், உளி அதைத் திறக்கிறது என்றோம்.

மறுநாள் அவன் பாட்டியிடமிருந்து பதில் கொண்டுவந்தான். "பாட்டி சொன்னாங்க சார், நாங்க மரத்தையா வெட்டினோம், பட்டையைத்தான் சீவினோம். வெட்டுன்னு வாய் சொல்லும். கத்தி மரத்துல பட்டுச்சுன்னா கங்காணி சும்மா விடமாட்டாருன்னு."

அந்த வரியின் பக்கத்தில், 'மை கிராண்ட்மதர் டேப்ட் ரப்பர் ட்ரீஸ்' என்று எழுதியிருந்தான். அக்காளிடமும் காட்டினானாம்.