மழைக்கால மாட்டுப்பட்டி



ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, மாட்டுப்பட்டி என்றதும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்துபோன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலே முதலில் நினைவுக்கு வரும். அது நிற்க.

சென்ற ஆடியில் அங்குச் சென்றிருந்தேன். அணைக்கரையில் சோளம் சுட்டு விற்போர், விடுதி அறை பெருக்குவோர் எனப் பலரும் நம்மவரே. டிசம்பரிலும் மே மாதத்திலும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஜூனில் மழை இறங்கியதும் பயணிகள் குறைகின்றனர்; கூலியும் நின்றுவிடுகிறது.

“மழைக்கு ஊருக்குப் போகலாகாதா, தம்பி?” என்று ஓர் இளைஞனைக் கேட்டேன்.

“எந்த ஊருக்கு, ஐயா? தாத்தா காலத்திலேயே தேயிலைக்கு வந்துவிட்டோம்” என்றான்.

அவன் குடியிருப்பது, கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தோட்டம் தந்த லயத்து அறை. அவள் ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்தாக வேண்டும்.

“அம்மாவுக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை இருக்கிறது, ஐயா” என்றான்.