ஒரு புத்தகத்தின் விலை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் ‘நன்றாகப் படியுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆகவே நான் வேறொன்று பேசுகிறேன். நீங்கள் படிக்கிற புத்தகம் இருக்கிறதே, அது அச்சாகி உங்கள் கைக்கு வர என்ன செலவாகிறது? அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள்?

இது எனக்குப் பட்டறிவு. 1984ஆம் ஆண்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டேன். அப்போது கணினி கிடையாது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிவரியாகக் கோர்ப்பார்கள். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். ஒரு பாரத்தை அடித்து முடித்து, எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பாரத்துக்கு எழுத்துக் கிடைக்கும். பிழை திருத்தியது நான்தான். ஒரு பாரத்தில் பிழைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. தாள் செலவு என் தலையில் விழுந்தது. என் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஆயிரம் பிரதி அடித்தேன். முன்னூறு போல விற்றது. மற்றவை கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பாதியைக் கரையான் படித்தது!

மாணவர்களே, சிரித்தது போதும். இப்போது கணக்குப் போடுவோம். தொகையெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொள்வது. தட்டச்சு, பிழைதிருத்தம், பக்க அமைப்பு, அட்டைப்படம் எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி. இந்தச் செலவு நூறு பிரதி அடித்தாலும் அதேதான், ஆயிரம் அடித்தாலும் அதேதான். தாளும் அச்சும் கட்டுமானமும் பிரதிக்கு 6 வெள்ளி. நூறு பிரதி அடித்தால் ஒரு புத்தகத்தின் அடக்கம் 36 வெள்ளி. ஐந்நூறு அடித்தால் 12 வெள்ளி. ஆயிரம் அடித்தால் 9 வெள்ளி. அதனால்தான் எழுத்தாளன் துணிந்து நிறைய அடித்துவிடுகிறான். அப்புறம் கட்டிலுக்கடியில் இடம் தேடுகிறான்.

ஐந்நூறு பிரதி என்றே வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 6,000 வெள்ளி. விலை 20 வெள்ளி. கடைக்காரர் கழிவாக 7 வெள்ளி எடுத்துக்கொண்டால் நமக்கு வருவது 13. அவரைக் குறை சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வாடகை என்னவென்று உங்களுக்குத் தெரியும். தேசிய நூலகத்துக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதி கொடுக்க வேண்டும். அது நல்ல காரியம். நம் புத்தகம் அங்கே பத்திரமாக இருக்கும். மீதி 495. அத்தனையும் கடையில் விற்றுத் தீர்ந்தால் 6,435 வெள்ளி வரும். செலவு போக 435 வெள்ளி மிச்சம்.

ஆனால் நடப்பது என்ன? “என்னா சார், புக்கு போட்டீங்களாமே! எனக்கு ஒண்ணு குடுக்கலியே?” என்று நண்பர்கள் கேட்பார்கள். சொந்தக்காரர் கேட்பார். மேடையில் பொன்னாடை போர்த்தியவருக்கு ஒன்று, படம் பிடித்தவருக்கு ஒன்று. இப்படி ஐம்பது பிரதி சும்மா போனால் மீதி 445. அது முழுக்க விற்றாலும் 5,785 வெள்ளிதான். 215 வெள்ளி நட்டம்! பார்த்தீர்களா, நாம் அன்பாகக் கேட்டு வாங்கிய அந்த ஐம்பதுதான் லாபத்தை நட்டமாக்கியது.

இது இன்றைக்கு வந்த சங்கடம் இல்லை. மகாகவி பாரதியார் 1920ஆம் ஆண்டு கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டார். அதற்காக ஆளுக்கு 100 ரூபாய் கடன் கொடுத்து உதவும்படி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தம் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். இன்று அவர் பாட்டில்லாத தமிழ்ப்பள்ளி விழா உண்டா? அன்று அந்த நூறு ரூபாய்கள்தான் வந்து சேரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுச்சுவடியிலிருந்த காப்பியம் அது. பணம் எங்கிருந்து வந்தது? அன்பர்களிடம் போய், ‘புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்’ என்று முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். படிப்பவர்கள் போட்ட கையெழுத்தை நம்பித்தான் அந்தப் பதிப்பு தலையெடுத்தது. இருவருமே பெரியவர்கள்தாம். ஒருவருக்குக் கை நீட்ட ஆளிருந்தது, இன்னொருவருக்கு இல்லாமற் போயிற்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். கொடுத்தவர்களில் பால்மரம் வெட்டியவர்களும் உண்டு. தங்கள் கையால் திறந்துகூடப் பார்க்க முடியாத புத்தகங்களுக்குக் காசு கொடுத்த கூட்டம் நம் கூட்டம்! 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இதேதான். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்கள் தோட்டத்தையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு புத்தகம் போடுவது பெரிய காரியமா?

என் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அன்று ஒரு தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். பால்மரம் வெட்டும் ஓர் அம்மா வந்து விலை கேட்டார். ஐந்து வெள்ளி என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்ததும், “சும்மாவே வச்சுக்கங்கம்மா” என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “வேணாம் வாத்தியாரே. சும்மா வந்ததுன்னா எம்மவ படிக்க மாட்டா. காசு குடுத்தது தெரிஞ்சாத்தான் எடுத்துப் பாப்பா” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு வெள்ளித் தாள்களும் சில்லறையுமாக எண்ணிக் கொடுத்தார். அடகில் போன வளையலை மீட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஆனாலும் அந்தச் சில்லறையை நினைத்தால் நட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெற்றோர்களே, ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமுமாக இருந்தது. இன்று எங்கு பார்த்தாலும் வீடமைப்புப் பகுதி. எந்த லயத்தில் யார் இருந்தார்கள், திருவிழாவுக்கு எங்கே கூத்து நடந்தது, இந்தப் பள்ளிக்குப் பலகை சுமந்தவர் யார் என்பதெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டி, தாத்தாக்களுக்குத்தான் தெரியும். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆளில்லை. அதை எழுதி வைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர்கள் தங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். ஆசிரியர்கள் திருத்தட்டும். நாம் போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்: ஐந்நூறு பிரதிக்கு 6,000 வெள்ளி. முன்னூறு குடும்பங்கள் ஆளுக்கு 20 வெள்ளி கொடுத்து வாங்குவதாக இப்போதே கையெழுத்துப் போட்டால் செலவு அடைந்துவிடும். கடைக்கழிவு இல்லை, கட்டிலுக்கடியில் கட்டும் இல்லை. மீதிப் பிரதிகள் அடுத்த விழாவில் பரிசாகட்டும்.

வெளியே மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். எனக்கும் இலவசப் பிரதி வேண்டாம்!