ஜனாஸாவுக்கு முன்பும் வருவோம்

(பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் சங்கத்தின் நலப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)





பொன்விழா மேடையில் சங்கம் செய்தவற்றைச் சொல்வது வழக்கம். நலப் பிரிவில் இருக்கும் நாங்கள், சங்கம் செய்யத் தவறிய ஒன்றைச் சொல்ல அனுமதி கேட்டோம். தலைவர் தயங்காமல் சம்மதித்தார். "உண்மையைச் சொல்லுங்க, ஆனா பிரியாணி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். முடித்துவிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம் சங்கம் யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து, துறைமுகத்திலும் பணமாற்றுக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் உழைத்து, கடைவீட்டு மாடிகளில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அவர்களில் ஒருவர் கண்மூடினால் குளிப்பாட்ட, கஃபனிட, ஊருக்குத் தந்தி கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஒரு கவலையிலிருந்துதான் சந்தாவும் பிறந்தது, சங்கமும் பிறந்தது.

அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒரு வஃபாத் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த வீட்டு வாசல் செருப்புகளால் நிறைந்துவிடும். கீழ்த்தளத்தில் நாற்காலி போடுபவர் யார், சுவா சூ காங் அடக்கத்தலத்துக்குப் பேருந்து பிடிப்பவர் யார், வீட்டாருக்குச் சோறு கொண்டு வருபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் தானாக நடக்கும்.

அப்படி ஒரு ஜனாஸாவில்தான் நாங்கள் தலைகுனிந்தோம்.

மறைந்தவர் சங்கத்தின் தொடக்கக்கால உறுப்பினர். சந்தா வசூலிக்க மாதந்தோறும் புளோக் புளோக்காக ஏறி இறங்கியவர். கடைசி 6 ஆண்டுகள் அவருக்கு முதுமை மறதி நோய். வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மகள். ஜனாஸா புறப்பட்ட பிறகு, அந்தப் பெண் எங்கள் மகளிர் பிரிவுச் சகோதரி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ராத்தா, நமக்கு இவ்வளவு பேரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அத்தா இருக்கும்போது இதுல ரெண்டு பேரு வந்து உட்கார்ந்திருந்தா, நான் ஒரு நாளாவது அசந்து தூங்கியிருப்பேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே எங்களுக்கு அதிகமாகச் சுட்டது.

ஏன் நாம் போகவில்லை? விசாரித்துப் பார்த்தோம். தொடக்கத்தில் சிலர் போயிருக்கிறார்கள். வந்த ஒருவரைப் பார்த்துப் பெரியவர், "இவன்தான் என் பணத்த எடுத்தான்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர் மனம் புண்பட்டுப் போனவர், மறுபடி வரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் களைத்துப்போன மகள், கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டார். "அவங்க யாரையும் விரும்பல போல" என்று நாமும் இருந்துவிட்டோம். நோய் பேசிய பேச்சை மனிதர் பேசியதாக எடுத்துக்கொண்டதுதான் நாம் செய்த தவறு.

எனவே நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறோம். வயதானால் எல்லாருக்கும் வருவதில்லை இது. மூளையின் உயிரணுக்கள் சேதமடைவதால் வருகிறது. 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் விவரித்த வகைதான் அதிகம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பழுதாவதால் வருவது மற்றொரு வகை. மனநலக் கழகம் 2023-ல் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி இருக்கிறது. ஏறக்குறைய 11 பேரில் ஒருவர். சங்கம் தொடங்கியபோது 25 வயது இளைஞராக இருந்தவருக்கு இன்று 75. இந்த மண்டபத்தின் முன்வரிசைகளைப் பாருங்கள். நாம் பேசுவது வேறு யாரையோ பற்றி அல்ல.

தேக்கா சந்தைக்குப் போய், எதை வாங்க வந்தோம் என்று மறப்பது எல்லாருக்கும் உண்டு. நாற்பது ஆண்டுகளாகப் போய்வந்த தேக்காவில் நின்று வீட்டுக்கு எப்படிப் போவது என்று விழித்தால், கேட்டதையே பத்து முறை கேட்டால், சில்லறை எண்ணத் தடுமாறினால், சாந்தமானவர் திடீரென்று எல்லாரையும் சந்தேகப்பட்டால், பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காற்று கறுப்பு என்றோ செய்வினை என்றோ மாதங்களைக் கழிக்காதீர்கள். துஆச் செய்வோம், மருத்துவரிடமும் போவோம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

சீக்கிரம் போவதில் ஒரு நன்மை உண்டு. தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, பி12 வைட்டமின் குறைவு ஆகியவையும் மறதியைப் போலவே தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நம்மில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறையலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2024-ல் 'லான்செட்' மருத்துவ ஏட்டின் வல்லுநர் குழு, இந்நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காட்டு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கேட்காத காதை அப்படியே விட்டுவிடுவது ஆகியவை அதில் இருக்கின்றன. தனிமையும் இருக்கிறது. மற்றவற்றுக்கு மருத்துவர் வேண்டும். தனிமையைப் போக்க நாம் போதும்.

அடுத்து, மொழி. நம் மூத்தவர்களில் பலர் மலாய் சரளமாகப் பேசியவர்கள். நோய் முற்றும்போது, பிற்பாடு கற்ற மொழிகள் முதலில் நழுவுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். எஞ்சி நிற்பது ஊர்த் தமிழ். ஆனால் வீட்டிலிருக்கும் பணிப்பெண் இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம். ஒரு வீட்டில் பாட்டி, "கொல்லைக்குப் போகணும்" என்று கேட்டிருக்கிறார். பள்ளியில் தமிழ் படித்த பேரன், பாட்டிக்குத் தோட்டத்தைப் பார்க்க ஆசை என்று நினைத்துக் கீழே பூங்காவுக்கு அழைத்துப் போய்விட்டான். பாவம், பாட்டி கேட்டது கழிவறையை. நடுவழியில் உடை நனைந்து அவர் அழுதபோது, பேரனும் சேர்ந்து அழுதிருக்கிறான்.

பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் நல்ல ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களால் தர முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: அந்தப் பழைய பேச்சு. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சொல்லிப் பேசவும், நாகூர் ஹனிபா பாட்டைப் போட்டுவிட்டு உடன் தாளம் தட்டவும் நம்மால் முடியும். மகனின் பெயரை மறந்தவர் சலவாத்தைத் தடுமாறாமல் ஓதுவதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

பேசும்போது வாதாட வேண்டாம். துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இரவு 2 மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். "நீங்க ரிட்டையராகி இருபது வருசமாச்சு" என்று சொல்லச் சொல்ல, கோபம்தான் ஏறியது. ஒரு நாள் மகன் வாசலில் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எந்தக் கப்பல் அத்தா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் கப்பல்களைப் பற்றிப் பேசிப் பேசித் தூங்கிவிட்டார். கணவர் வஃபாத்தானதை மறந்து "அவங்க எங்கே?" என்று கேட்கும் தாயிடம், ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக விதவையாகிறார். பொய் சொல்ல வேண்டியதில்லை. "அத்தா நினைப்பு வந்துடுச்சாம்மா? அவங்களப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் போதும்.

தொழுகையைப் பற்றியும் எங்களிடம் கேட்கிறார்கள். அஸர் தொழுதுவிட்டு மறுபடி அஸருக்கு நிற்கிறார், ரக்அத் தவறுகிறது, நோன்பு வைத்ததை மறந்து சாப்பிட்டுவிடுகிறார் என்று பிள்ளைகள் பதறுகிறார்கள். அறிவு நீங்கியவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படை. உங்கள் வீட்டு நிலைமைக்கு உரிய விளக்கத்தை இமாமிடம் தனியாகக் கேளுங்கள். அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வருவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஸஃப்பின் ஓரத்தில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தவறாக ஸஜ்தா செய்தால் திரும்பிப் பார்க்காத ஜமாஅத்தாக நாம் இருப்போம்.

இன்னொன்றை ஆண்களுக்குச் சொல்ல வேண்டும். பெற்றோர் முதுமை அடைந்தால் சலிப்பின் ஒரு சொல்கூட நம் வாயிலிருந்து வரக்கூடாது என்பது மகனுக்கும் மகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட கட்டளை. ஆனால் நாங்கள் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் எல்லாவற்றையும் சுமக்கிறார். தகப்பனைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் மகளுக்கும் சங்கடம், தகப்பனுக்கு அதைவிடச் சங்கடம். ஜனாஸாவில் அத்தாவைக் குளிப்பாட்ட முன்வரும் மகன், உயிரோடு இருக்கும்போதும் குளிப்பாட்ட வரவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலும் அது பெரிய உதவி.

சட்ட விவரம் ஒன்று. எல்பிஏ என்கிற அதிகாரப் பத்திரத்தை அறிவு தெளிவாக இருக்கும்போதுதான் எழுத முடியும். நம்மால் முடிவெடுக்க இயலாமல் போனால் நமக்காக யார் முடிவெடுப்பது என்று அதில் குறிப்பிடுகிறோம். காலம் தாழ்ந்துவிட்டால் பிள்ளைகள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். இதனால் ஃபராயிளுக்குப் பாதகம் வருமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். வராது. எல்பிஏ மரணத்தோடு முடிந்துவிடும். சொத்துப் பங்கீடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இனி, என்ன செய்யப் போகிறோம்? பொன்விழா ஆண்டிலிருந்து மூன்று காரியங்களைத் தொடங்குகிறோம்.

முதலாவது, நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பேர் கொண்ட சிறு குழு. வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம். ஜனாஸா நாற்காலிகளுக்குப் பட்டியல் வைத்திருக்கும் நாம், இதற்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது, வாரம் ஒரு காலைப்பொழுது சங்கக் கட்டடத்தில் தேநீரும் தமிழ்ப் பேச்சும். நோயாளி வரட்டும், பார்த்துக்கொள்பவரும் வரட்டும். அங்கே சத்தம் போட்டாலும் தேநீரைக் கொட்டினாலும் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நம் இளையர் சிலர் பயிற்சி பெற்று, 'டிமென்ஷியா சிங்கப்பூர்' அமைப்பும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பும் தரும் உதவிகளுக்குக் குடும்பங்கள் விண்ணப்பிக்கத் துணைநிற்பார்கள். வழி தவறி நிற்கும் முதியவரை அழைத்துச் சென்று விடக்கூடிய இடங்கள் தீவு முழுவதும் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் அது எங்கே என்பதையும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மகள் இன்று இங்கே வந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். இந்த உரையை அவரிடம் முன்பே படித்துக் காட்டி, ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போறப்ப பழம் வாங்கிட்டுப் போக வேணாம்னு சொல்லுங்க, பாதிப் பேருக்குச் சர்க்கரை. 'கடைக்குப் போயிட்டு வரவா'ன்னு அவங்க கேட்டா, 'போயிட்டு வாம்மா, நாங்க இருக்கோம்'னு சொல்லணும். சீக்கிரம் வந்துடுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

மண்டப வாசலில் மேசை மீது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இந்தச் சிரமம் இருந்தால் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் தர முடிந்தால் மறுபக்கத்தில் எழுதுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பெரியவர்கள் சந்தா நோட்டைத் திறந்தார்கள். இந்த நோட்டை நாம் திறப்போம்.

நம் முதியவர்களுக்கு மன அமைதியையும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உடல் வலிமையையும், நமக்கு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் மனத்தையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக. ஆமீன்.

பிரியாணி இன்னும் ஆறவில்லை என்று நம்புகிறோம். வஸ்ஸலாம்.