மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் நலம் பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். ரத்த அழுத்தம், சர்க்கரை பற்றியெல்லாம் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. வேதியியல் பட்டதாரி, மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே கட்டிடத்தில் குடியிருப்பவர்களுக்குள் மொட்டை மாடி, மாடிப்படி, கார் நிறுத்துமிடம் இவற்றால் வரும் தகராறுதான் அது.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மாடி யாருக்கும் சொந்தமில்லை, சி.பி.டபிள்யூ.டி.யுடையது. கோடையில் சாயங்காலம் நாலு வாளித் தண்ணீர் தெளித்துத் தரையைக் குளிர வைத்து, இரவு கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுப்போம். பகலில் பெண்கள் வடாம் பிழிந்து காய வைப்பார்கள். காக்கை ஓட்ட எல்லா வீட்டுக் குழந்தைகளும் உண்டு.

ஓய்வுக்குப் பின் சேமிப்பையெல்லாம் போட்டு ஜனக்புரியில் ஒரு 'பில்டர் ஃப்ளோர்' வாங்கினோம். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு தளங்கள், நான்கு சொந்தக்காரர்கள். எங்களுடையது இரண்டாவது தளம். நான்காவது தளத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபிப் பெரியவர். 2016 மே மாதம் ஒரு நாள் எங்கள் குழாயில் தண்ணீர் நின்றது. தொட்டியைப் பார்க்க மேலே போனால் மாடிக் கதவில் புதுப் பூட்டு. மனிதர் ஊரில் இல்லை. அந்த வெயிலில் மூன்று நாள் வாளியில் தண்ணீர் சுமந்தோம்.

அவர் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், நேரில் போய்ப் பேசாமல் ஒரு கடிதம் எழுதியது. முப்பத்தைந்து வருஷ சர்க்கார் பழக்கம்! பத்தி பத்தியாக எண் போட்டு, ஏழு நாளில் பதில் வேண்டும் என்று முடித்திருந்தேன். பதில் நான்காவது நாளே வந்தது, வக்கீல் மூலமாக. மொட்டை மாடி உரிமை தம்முடைய பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்றார். அதன் பிறகு எட்டு மாதம், படியில் எதிர்ப்பட்டால்கூட இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இந்த எட்டு மாதத்தில் நான் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டெல்லியில் நாம் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கூட்டுறவு க்ரூப் ஹௌஸிங் சொஸைட்டி. இதில் உறுப்பினருக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு வந்தால் 2003ஆம் வருஷத்து டெல்லி கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி பதிவாளர் வழியாக மத்தியஸ்த விசாரணைக்குப் போகலாம். அதற்கு மேல் கூட்டுறவுத் தீர்ப்பாயம் உண்டு. இரண்டாவது, டி.டி.ஏ. ஃப்ளாட். இங்கே குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கும். அது பேசிப் பார்க்கலாமே தவிர, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. மூன்றாவது, எங்களைப் போன்ற பில்டர் ஃப்ளோர். இங்கே சங்கமும் இல்லை, பதிவாளரும் இல்லை. 1986இல் டெல்லிக்கென்று ஓர் அடுக்ககச் சொத்துரிமைச் சட்டம் வந்தது. அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 2016ஆம் வருஷத்து ரேரா சட்டம் மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி, திறந்த கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பொது இடங்கள் என்று வரிசைப்படுத்துகிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகள் என்றால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யவே வேண்டியதில்லை. எங்களுடையது நாலே வீடு.

கார் நிறுத்துமிடத்துக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. மும்பை தஹிசரில் உள்ள பாஞ்சாலி கூட்டுறவு ஹௌஸிங் சொஸைட்டி வழக்கில், 2010 ஆகஸ்ட் 31 அன்று, ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடமே, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று சொன்னார்கள். ஆனால் அது மஹாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்னது. நம் வீட்டுத் தகராறுக்கு அப்படியே எடுத்து ஒட்டுமுன் வக்கீலைக் கேட்பது நல்லது.

ஆக, எங்கள் வீட்டுக்கு ஆதாரம் எங்கள் பத்திரங்கள்தான். அவருடையதில் மாடி உரிமை அவருக்கு என்று இருந்தது வாஸ்தவம். எங்கள் மூவருடையதிலும், தண்ணீர்த் தொட்டியையும் ஆன்டெனாவையும் பார்க்க நியாயமான நேரங்களில் போய்வரலாம் என்று ஒரு வரி இருந்தது. டெல்லி பில்டர் ஃப்ளோர் பத்திரங்களில் இது சகஜம். அவர் தம் வரியை மட்டும் படித்தார்; நான் என் வரியை மட்டும் படித்தேன்.

2017 ஜனவரியில் ஒரு நள்ளிரவு. பனி மூட்டம். அந்தப் பெரியவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சருடன் வந்தார்கள். எங்கள் லிஃப்டில் நாலு பேர் நிற்கலாம், ஸ்ட்ரெச்சர் நுழையாது. படி வழியாக இறக்கினார்கள். இரண்டாவது தளத்தில் திருப்ப முடியவில்லை. அங்கே சுவரோரமாக ஒரு செருப்பு அலமாரி, அதன் பக்கத்தில் மூன்று பூந்தொட்டி, பேரனுடைய பழைய சைக்கிள். எல்லாம் என்னுடையவை. நானும் கீழ்வீட்டுப் பையனும் அவற்றை இழுத்து நகர்த்தி முடிக்கும் வரை, போர்வைக்குள் அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு அது மிக நீண்ட இரண்டு நிமிஷம்.

பகவத் கிருபையால் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை என் மனைவி காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அவர் பூட்டி வெச்சது மொட்டை மாடியை. நாம அடைச்சு வெச்சிருந்தது மாடிப்படியை. எது பெரிய தப்புன்னு நீங்களே சொல்லுங்கோ."

1997 ஜூன் 13 அன்று க்ரீன் பார்க் உப்ஹார் சினிமாவில் 59 பேர் உயிரிழந்தது நம் நினைவில் இருக்கிறது. நடைவழியைக் குறுக்கிக் கூடுதல் நாற்காலி போட்டதும், ஒரு பக்கத்து வெளிவழியை அடைத்ததும் அங்கே குற்றங்களாகக் கண்டறியப்பட்டன. அதைப் பத்திரிகையில் படித்துக் கோபப்பட்டவன்தான், என் வாசலில் அலமாரி வைத்திருந்தேன்.

அன்றே அலமாரியை உள்ளே எடுத்தேன். அவர் வீடு திரும்பியதும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே இளகிவிடவில்லை. "என் படுக்கையறைக் கூரையை வந்து பாருங்கள்" என்றார் ஹிந்தியில். பார்த்தேன். ஒழுகிக் கறுத்து, பூச்சு உதிர்ந்திருந்தது. எங்கள் தொட்டிகளிலிருந்து வழிந்த தண்ணீர் அது. மூன்று வருஷமாகத் தம் செலவிலேயே சரி செய்திருக்கிறார். பூட்டுக்கு ஒரு காரணம் இருந்தது, நான் கேட்கவில்லை.

பிறகு அடுத்த கட்டிடத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை அம்மாளை நடுவில் வைத்து நால்வரும் உட்கார்ந்தோம். வேதியியலில் கிரியா ஊக்கி என்று படித்திருப்பீர்கள். வினையை எளிதாக்கும், கடைசியில் தான் செலவாகாமல் அப்படியே இருக்கும். நல்ல மத்தியஸ்தர் அப்படித்தான். அந்த அம்மாள் தீர்ப்பே சொல்லவில்லை. நாலு பத்திரங்களையும் ஒரே மேஜையில் வைத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்தார்: சொந்தம் யாருக்கு? போய்வரும் உரிமை யாருக்கு? செலவு யாருக்கு?

முதல் கேள்வியில் எட்டு மாதம் சிக்கிக் கிடந்தோம். அதைத் தொடாமலே மற்ற இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரத்தில் விடை கிடைத்தது. ஒரே பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டோம். மாடி அவருடையது. இன்னொரு சாவி தரைக்கு மேல் முதல் தளத்தில் இருக்கும். காலை 7 முதல் மாலை 7 வரை சொல்லிவிட்டுப் போகலாம். அவசரத்துக்கு நேரம் கிடையாது. ப்ளம்பரோடு வீட்டுக்காரர் ஒருவர் கூடப் போக வேண்டும். தொட்டிகளுக்கு மிதவை வால்வு, கூரைக்கு நீர்க்கசிவுப் பூச்சு, இரண்டும் நாலு பங்கு. மாடிப்படியில் யாரும் எதுவும் வைக்கக்கூடாது. வருஷம் ஒரு முறை கூடிப் படித்துப் பார்க்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடியும் என்று சொல்லவில்லை. முடியாவிட்டால், கோர்ட்டுக்குப் போகுமுன் சட்டப் பணிகள் ஆணையத்தின் லோக் அதாலத் இருக்கிறது. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி அங்கே ஏற்படும் சமரசம் சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் இல்லை. 2023ஆம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டமும், ஒரு பகுதியில் வசிப்பவர்களின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளுக்குச் சமூக மத்தியஸ்தம் என்று ஒரு வழியை வகுத்திருக்கிறது. அதன் பிரிவுகள் கட்டம் கட்டமாக அமலுக்கு வரும்படி அமைந்தவை. தண்ணீரை நிறுத்தினால், வழியை அடைத்தால், தடையுத்தரவு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகவும் தயங்க வேண்டாம். ஆனால் வழக்கு ஓடும் வருஷங்களை நம் வயதில் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் வரக்கூடியவர் மேல்வீட்டுக்காரர்தான்.

இப்போது ரதசப்தமியன்று சூரியனுக்கு அர்க்யம் விட அந்த மாடிக்குத்தான் போகிறேன். சாவியைக் கேட்டு வாங்கிப் போய், திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன். கேட்பதில் ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். இன்று வீட்டுக்குப் போகும்போது, மேல்வீட்டுப் பூட்டைப் பார்க்குமுன் உங்கள் வாசல் படியைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று மட்டும் பாருங்கள். திரும்பாது என்றால், இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.