நித்தியகல்யாணியும் புற்றுநோய் வைத்தியமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புற்றுநோய்க்குச் செய்யப்படும் கீமோதெரபி என்னும் மருந்து வைத்தியத்தைப் பற்றியதாகும். அதன் பேரைக் கேட்டவுடனேயே நம் ஜனங்களுக்குக் குலை நடுங்குகிறது. "அது விஷமாமே, நோய் கொல்லுவதற்கு முன் மருந்தே கொன்றுவிடுமாமே" என்கிறார்கள். விஷம் என்பது வாஸ்தவந்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த விஷம் எதை, எந்த அளவில் கொல்லுகிறது என்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

நித்தியகல்யாணிச் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்று அதற்கொரு அபசகுனப் பேரும் உண்டு. அதன் இலை நீரிழிவுக்கு நல்லது என்று பல தேசங்களில் நம்பி வந்தார்கள். 1950-களில் கனடா தேசத்தில் நோபிள், பீர் என்ற இருவர், ஜமைக்கா தீவிலிருந்து வந்த இலையைக் கொண்டு இந்த நம்பிக்கை மெய்தானா என்று எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள், எலிகள் செத்தன. நம்மவர்களாயிருந்தால் சுடுகாட்டுச் செடியல்லவா, சாகாமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களோ இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்துபோய், கிருமிகளை எதிர்க்கச் சக்தியில்லாமல் அவை செத்தன என்று தெரிந்தது. அப்படியானால், வெள்ளை அணு தறிகெட்டுப் பெருகுகின்ற இரத்தப் புற்றுநோய்க்கு இது ஏன் ஆகாது? இப்படி 1958-ல் வெளிவந்ததுதான் வின்பிளாஸ்டின். பிறகு அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வேறு மருந்துகளுடன் சேர்த்து இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்நோய் வந்த குழந்தை பிழைப்பதே அபூர்வம். இன்று நல்ல சிகிச்சை கிடைக்குமிடங்களில் 100-க்கு 80-க்கு மேல் பிழைக்கின்றன.

ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே உள்ளதைச் சரிபாதியாக இழுத்துப் பங்கிட நூல் போன்றவை உண்டாகின்றன. இம்மருந்து அந்த நூல்களை உண்டாகவிடுவதில்லை. ஓயாமல் பிரிகிற புற்று அணு இதனால் அழிகிறது. ஆனால் மருந்துக்கு ஆள் தெரியாது. மயிர்க்காலிலும், வாயிலும், குடலிலும், எலும்பு மஜ்ஜையிலும் உள்ள நல்ல அணுக்களும் வேகமாகப் பிரிகின்றவையே. ஆகவே மருந்துக்குத் தக்கபடி முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, இரத்தம் குறைகிறது. நல்ல அணுக்கள் தேறிக்கொள்ளவே நாள் விட்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை, மருந்து ஏற்றுகிறார்கள்.

பழனிக்குப் போய் மொட்டையடித்துக்கொள்ளுகிற நம்மவர்கள், ஆஸ்பத்திரியில் முடி உதிர்ந்தால் மட்டும் ஆள் போய்விட்டதாக அழுகிறார்கள்! உதிர்ந்த முடி, மருந்து முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் முளைத்துவிடும். இதைக் கண்டு பாதியில் நிறுத்திவிட்டுக் கர்மவினை என்று பரிகாரம் தேடிப் போனால், மிச்சமுள்ள புற்று அணுக்கள் மறுபடி பெருகும்; அப்போது முன் கேட்ட மருந்து கேட்காமலும் போகலாம். எல்லாப் புற்றுநோயும் இதனால் தீரும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அறுவைக்குத் துணையாகவும், சிலருக்கு வேதனை குறையவும் மட்டுமே இது கொடுக்கப்படும். எது தமக்கு என்பதை வைத்தியரிடம் தைரியமாய்க் கேட்கவேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வேலியோரத்து இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். ஏராளமான காய்ந்த இலையிலிருந்து மிகச் சொற்ப அளவுதான் வின்கிரிஸ்டின் தேறும். வளர்ந்த ஆளுக்கே ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. வீட்டுச் சட்டியில் எந்த விஷம் எவ்வளவு இறங்கியது என்று யார் கண்டது?

இன்னொன்று. அந்த எலிகள் எதனால் செத்தன என்று சொன்னேனல்லவா? மருந்து ஏற்றிக்கொண்டவருக்கும் சில நாட்களில் வெள்ளை அணு குறையும். அப்போது 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும், கஷாயம், விபூதி என்று காத்திராமல், உடனே அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இன்ன தேதியில் மருந்து ஏற்றியது என்று சொல்லுங்கள்.