மேலிருந்து பார்த்த வாளி



இந்தக் கருத்தரங்கை ஒரு வாளியிலிருந்து தொடங்கலாம். பக்கவாட்டில் எடுத்த படத்தைக் காட்டினால் சின்னக் குழந்தையும் வாளி என்றுவிடும். நேர் மேலேயிருந்து எடுத்தாலோ மிஞ்சுவது வட்டத்துக்குள் ஒரு வட்டமும் குறுக்கே கைப்பிடியும்தான். அப்போதும் பெரும்பாலோர் சற்றே தயங்கிவிட்டுச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தயக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

லண்டனில் மூளைக் காயமுற்றவர்களைச் சோதித்துவந்த எலிசபெத் வாரிங்டனும் டெய்லரும் 1973-இல் ஒரு நல்ல தடயத்தைத் தந்தார்கள். மூளையின் வலப்பக்கப் பெரைட்டல் மடல் பழுதானவர்கள் வழக்கமான கோணத்துப் படங்களுக்குப் பெயர் சொன்னார்கள். அதே பொருளைப் புதுக்கோணத்தில் காட்டியதும் தடுமாறினார்கள். ஐந்தாண்டு கழித்துச் சோதனை இன்னும் கூர்மையானது. ஒரே பொருளின் இரு கோணப் படங்களைப் பொருத்தச் சொன்னபோது, வலப்பாதியின் பின்பகுதி பழுதானவர்கள் தவறினார்கள். இடப்பாதி பழுதானவர்களுக்கு அது முடிந்தது. ஆனால் தோற்றத்தில் வேறுபட்டு, பயனில் ஒன்றுபடும் பொருள்களைச் சேர்க்கச் சொன்னால் அவர்கள் திணறினார்கள். ஆக, உருவத்தை அறிவது ஒரு வேலை. அது எதற்குப் பயன்படுவது என்று அறிவது வேறு வேலை.

வாரிங்டனின் உரையை எம்.ஐ.டி.யில் கேட்ட பார்வை ஆய்வாளர் டேவிட் மார் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். பொருளின் நீள அச்சை வைத்தே மூளை அதன் உருவத்தைக் கட்டுகிறது என்பது அவர் கருத்து. மேலிருந்து பார்க்கையில் வாளியின் அச்சு கண்ணை நோக்கி நிற்கிறது. நீளம் சுருங்கி மறைகிறது. தயக்கத்துக்கு அதுவே காரணம் என்றார். அவர் 1980-இல், 35 வயதில் காலமானார். அவரது ‘விஷன்’ நூல் 1982-இல்தான் வெளிவந்தது.

பிறகு, கோணம் மாறினால் பொருளை அறிவது பாதிக்கப்படுமா என்பதில் வந்தது இரு கட்சிச் சண்டை. பொருளை உருளை, கூம்பு போன்ற எளிய பாகங்களாகப் பிரித்தறிவதால் கோணம் மாறினாலும் பெரிய பாதிப்பில்லை என்று 1987-இல் இர்விங் பீடர்மன் வாதிட்டார். பழகிய கோணத்திலிருந்து விலக விலகப் பிழை கூடுகிறது என்று 1992-இல் ப்யூல்தாஃபும் எடல்மனும் காட்டினார்கள். 1995-இல் லோகோதெடிஸ் குழு குரங்குகளின் டெம்போரல் மடலில், ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மட்டும் வலுவாகத் துடிக்கும் செல்களைக் கண்டது. எல்லாக் கோணத்துக்கும் துடித்தவை மிகச் சில.

இந்தச் சண்டையில் பாதி, எடுத்துக்கொண்ட பொருளால் வந்தது. பீடர்மனின் படங்களில் இருந்தவை பாகம் பாகமாகப் பிரியும் விளக்கும் கோப்பையும் போன்றவை. மற்றவர்கள் எடுத்தது தாறுமாறாக வளைத்த கம்பி. கம்பியில் பாகம் ஏது?

இயந்திரங்களுக்கும் இதே சிக்கல்தான். 2019-இல் வெளிவந்த ஆப்ஜெக்ட்நெட் என்ற சோதனைப் படத் தொகுப்பில் 50,000 படங்கள். கவிழ்ந்த நாற்காலி, இடம் மாறிக் கிடக்கும் பாத்திரம் என்று. மற்றத் தொகுப்புகளில் பேர்வாங்கிய கணினி நிரல்களின் திறன் இதில் 40 முதல் 45 சதவீதப் புள்ளி சரிந்தது.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடிவைச் சொல்லுமுன் எந்தப் பொருளை, எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் காட்டினீர்கள் என்பதை முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிடுங்கள். கேள்வி நேரம் மிச்சமாகும்.